அடைகாத்தவளும் துடைத்த உரலும்

பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்:

இசாக் மஸேல், ஊர்த்தலைவர். முன் பெஞ்சில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு.
ஆபெல் பூரெலி, பள்ளி ஆசிரியர். தன் மேசைக்குப் பின்னால்.
எஸ்தேர், அவர் மனைவி. ஜன்னல் ஓரம்.
ஸெலி கபனிஸ், விதவை. வாய் உள்ளவள்.
விதை பறிகொடுத்த மற்ற வீட்டுக்காரர்கள். பேசமாட்டார்கள், தலையாட்டுவார்கள்.
நொயெமி. குடும்பப் பெயர் கிடைக்கவில்லை. நின்றுகொண்டு.
போதகர் வரவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினார்.
நீங்கள். கடைசி பெஞ்சில், கதவோரம்.

1

இந்தக் கதை ஒரு தும்மலில் பிறந்தது. அதைவிடக் கௌரவமான பிறப்பு எதுவும் இதற்கு இல்லை.

தெற்கு பிரான்ஸின் மலையூர் வால்ரோக்கில், ரொட்டிக்கடை வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் தும்மினார். கடைக்காரி ரொட்டிகளின் மேல் துணியை இழுத்துவிட்டபடி, "யோவ், நொயெமி வேலையெல்லாம் வெளிய வச்சுக்க" என்றாள். வரிசை சிரித்தது. இந்த ஊருக்கு மருமகனாக வந்து எனக்குத் தலை நரைத்துவிட்டது. அந்தப் பேச்சை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், நானே சொல்லியும் இருக்கிறேன். அன்றைக்குத்தான் யார் அந்த நொயெமி என்று கேட்கத் தோன்றியது.

"யாருக்குத் தெரியும்? சும்மா ஒரு பேச்சு" என்றாள் கடைக்காரி.

"ஏதோ ஆடாம். எங்கப்பா சொல்வாரு" என்றார் தும்மியவர்.

"ஆடு இல்ல" என்றது வரிசையின் கடைசி. "பட்டுக் காலத்துல இருந்த பொம்பளை. நோயை இடுப்புல கட்டிக்கிட்டு வீடு வீடாப் போனவளாம்."

அவ்வளவுதான் கிடைத்தது. ஒரு பெயர், ஒரு இடுப்பு, ஒரு பழி. மீதி முழுவதும் என் கற்பனை.

நுண்ணுயிரியல் படிக்கப்போய்ப் பாதியில் விட்டவன் நான். இப்போது கீழே சமவெளியில் ஒரு தொழிற்சாலையில் இரவுப் பணி. மருந்துக் குப்பிகளை நீராவியில் வேகவைக்கிறேன். கண்ணுக்குத் தெரியாததைக் கொல்வதற்குச் சம்பளம் தருகிறார்கள். இந்தக் கதையை எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்காதீர்கள். தகுதி உள்ளவர்கள் எழுதவில்லை.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். கெட்டுப்போனவற்றையும் வைத்திருக்கிறேன்.

முதலாவது: "வசந்தத்தின் முதல் வெயில் செவென் மலைச்சரிவுகளில் இறங்கியபோது முசுக்கட்டை மரங்கள் பச்சைத் தீயாய்"

[போதும். மரம் மரமாகவே இருக்கட்டும்.]

இரண்டாவது: "1860களின் பிற்பகுதியில், பட்டுப்புழுக்களின் நோயை ஆராயப் பாரிஸிலிருந்து வந்த வேதியியலாளர்"

[நிறுத்தினேன். அவர் பெயர் உங்களுக்குத் தெரியும். அதை எழுதினால் கதை எழுந்து அவர் வீட்டுக்குப் போய்விடும். அவருக்கு வேண்டிய அளவு சிலைகள் இருக்கின்றன.]

மூன்றாவது: "நொயெமிக்கு உடம்பு சூடு."

இது நிற்கும்.

3

நொயெமிக்கு உடம்பு சூடு. பனிக்காலத்தில்கூட அவள் சால்வையைத் தோளில் போடமாட்டாள், கையில் வைத்திருப்பாள்.

பட்டுப்புழுவின் முட்டையை இங்கே யாரும் முட்டை என்று சொன்னதில்லை. விதை என்றார்கள். [சொல் செய்த முதல் கேடு இது. நல்ல விளைச்சலில் எடுத்த விதை நல்ல விதை என்று கோதுமைக்கு நம்புவதுபோல நம்பினார்கள். புழு கோதுமை அல்ல.] புழு தின்னும் முசுக்கட்டை இலை துளிர்க்கிற நேரத்துக்கு விதை பொரிய வேண்டும். அதற்கு மிதமான, மாறாத சூடு வேண்டும். அடுப்பை நம்ப முடியாது, அது அணையும் அல்லது பொசுக்கும். பெண்ணின் உடம்பை நம்பலாம். விதையைத் துணிப்பையில் முடிந்து பாவாடைக்குள் அடிவயிற்றோடு கட்டிக்கொள்வார்கள். படுக்கும்போதும் அவிழ்ப்பதில்லை. மற்ற ஊர்களில் வீட்டுக்கு ஒருத்தி இதைச் செய்தாள். வால்ரோக்கில் ஆறு வீட்டுக்கும் நொயெமி ஒருத்தியே செய்தாள், ஏனென்றால் அவளிடம் கொடுத்த விதை ஒன்றுகூட முந்தாமல் பிந்தாமல் சேர்ந்து பொரிந்தது.

அடைகாக்கும் நாட்களில் அவள் ஆற்றில் துணி துவைக்கக் கூடாது. ஆடக் கூடாது. கோபப்படக் கூடாது. கோபம் வந்தால் விதை வெந்துவிடும்.

மேல்மலையிலிருந்து கூலிவேலைக்கு வந்து தங்கிப்போனவள். சொந்தம் யாரும் இல்லை. இசாக் மஸேலின் புழுமனைக்கு மேலே, கூரைக்கு அடியில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அடைகாக்கிற வரை அறை அவளுடையது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெரிய விஷயங்கள் நடுவில் வரும், ஆனால் இந்தக் கதை அந்த அறையைப் பற்றியது.

அவளைப் புழுத்தாய் என்று கூப்பிட்டார்கள். செல்லமாகத்தான்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், ஸெலி கபனிஸ் தன் பையைக் கொண்டுவந்து கொடுக்கிறாள்.

"இந்தா புழுத்தாயே, என் பிள்ளைங்க. மஸேல் வீட்டுப் பை இருக்கற பக்கம் கட்டாதடி. அந்த ஆளோட விதை என் விதையை இடிச்சுத் தள்ளும்."

"என் வயித்துல இடத்துக்கா பஞ்சம்? உன் வீட்டுக்காரர் இருந்திருந்தா அவரையும் சேத்து முடிஞ்சிருப்பேன்."

"செஞ்சிருப்படி. அந்த மனுஷனுக்கும் குளிரு தாங்காது."

இருவரும் சிரித்தார்கள். கோபப்படக் கூடாது என்பதுதான் விதி, சிரிப்புக்குத் தடை இல்லை. இந்த ஸெலியைக் கொஞ்சம் கழித்து நீங்கள் வெறுக்கப்போகிறீர்கள். அதற்காகத்தான் இங்கே சிரிக்கவிட்டேன்.

4

நோயின் பெயர் மிளகு. புழுவின் தோலில் மிளகுத்தூளைத் தூவியதுபோலக் கரும்புள்ளிகள் விழும், புழு தின்பதை நிறுத்தும், கூடு கட்டாமல் சாகும். கீழ் ஊர்களில் புழுமனைகள் அப்படித்தான் காலியாயின.

வால்ரோக்கில் அந்த வருஷம் மிளகு விழவில்லை. கூடுகள் வெள்ளையாக, கனமாக வந்தன. ஆகவே நோய் இல்லை என்று முடிவுகட்டினார்கள். மிளகு என்று பெயர் வைத்தவன் மிளகைத்தான் தேடுவான், காணாவிட்டால் நிம்மதியாகத் தூங்குவான். ஆனால் புழுவுக்குள் தாமதமாக நுழைந்த நோய் தோலில் தெரியாது. அது அந்துப்பூச்சிக்குள் உட்கார்ந்திருந்து, விதை வழியாக அடுத்த வருஷத்துக்குப் போகும்.

கண்டுபிடிக்க ஒரு வழி அப்போதுதான் வந்திருந்தது. கூட்டிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு பெண்பூச்சியையும் தனித்தனித் துணித்துண்டில் விதையிட விடு. இட்டு முடித்த பூச்சியைக் கொஞ்சம் தண்ணீரோடு அரை. ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார். மினுங்கும் நீள்வட்டத் துகள்கள் தெரிந்தால் அந்தப் பூச்சியின் துணியை எரி.

வால்ரோக்கில் நுண்ணோக்கி வைத்திருந்தவர் ஆபெல் பூரெலி. வேளாண் சங்கம் கொடுத்தது. முதல் பிரதியில் அவரைக் கோமாளியாக எழுதினேன், மூக்குக்கண்ணாடி நழுவிக்கொண்டே இருக்கும். அழித்துவிட்டேன். அவர் கோமாளி இல்லை. படித்ததை நம்புகிறவர், ஊர் பிழைக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தவர். அதுதான் கஷ்டம். கோமாளியை மன்னித்துவிட்டுப் போய்விடலாம்.

ஜூலையில் ஆறு வீடுகளும் பள்ளிக்கூடத்துக்குப் பூச்சிகளைக் கொண்டுவந்தன. பூச்சி அரைக்க ஆபெலிடம் இருந்த பீங்கான் கல்வம் விரிசல் விட்டிருந்தது. எஸ்தேரின் சமையலறையிலிருந்து பித்தளை உரலை எடுத்துவந்தார். அவள் மிளகு இடிக்கிற உரல். [ஆமாம், மிளகு. வேண்டுமென்றே வைத்தேன். வேறு எதையாவது இடிக்க வைக்கலாம்தான், மனம் வரவில்லை.]

"யாருதுலேருந்து ஆரம்பிக்கலாம்?" என்று ஒப்புக்குக் கேட்டார்.

தேவாலயத்தில் முதல் இருக்கை, ஊர் அடுப்பில் முதல் ரொட்டி, ஆற்றுவாய்க்காலில் முதல் தண்ணீர், எல்லாம் மஸேல் வீட்டுக்கு. பூச்சியும் அப்படித்தான்.

"தலைவரே, உங்களுதுதான் முதல்ல" என்றார் ஆபெல்.

"வேற எப்படி?" என்றார் மஸேல்.

மஸேல் வீட்டுப் பூச்சிகள் எல்லாவற்றிலும் துகள்கள் அப்பிக்கிடந்தன. ஆபெல் உரலைக் கவிழ்த்துக் கொட்டினார். துணியால் துடைத்தார். அடுத்த வீட்டுப் பூச்சிகளை ஒவ்வொன்றாகப் போட்டார். துடைத்தார், அடுத்தது. ஆறு வீட்டிலும் துகள்கள் தெரிந்தன. ஸெலி வீடு கடைசி, அதில் கொஞ்சம்தான். கொஞ்சமும் நோய்தான் என்றார்.

உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், மர்மக்கதை எழுதும் ஆசை எனக்கு இல்லை. மற்ற ஐந்து வீட்டுப் பூச்சிகளும் சுத்தமானவை. மஸேல் வீட்டு நோய் துடைத்த உரலில் ஒட்டிக்கொண்டிருந்து, நல்ல பூச்சிகளோடு சேர்ந்து அரைபட்டது. கழுவுவது வேறு, துடைப்பது வேறு. நான் பாதியில் விட்ட படிப்பின் முதல் பாடம் அது. ஆபெலுக்கு அந்தப் பாடத்தை நடத்த அன்றைக்கு உலகத்தில் ஆள் குறைவு.

5

விதை ஒட்டிய துணிகள் எல்லாம் ஊர் அடுப்பில் எரிந்தன. அடுத்த வருஷத்தின் பட்டு அது. இனி வெளியூர் விதைக்குக் கையேந்த வேண்டும். எல்லாரும் அடுப்பைச் சுற்றி, சாவு வீட்டில் நிற்பதுபோல நின்றார்கள்.

ஸெலிதான் கேட்டாள். "அது எப்படி வாத்தியாரே ஆறு வீட்டுக்கும்? ஒரே மரத்து இலையா போட்டோம்? ஒரே கூரையிலயா வளத்தோம்?"

நியாயமான கேள்வி. ஆறு வீட்டுக்கும் பொதுவானது எது? விஞ்ஞானி கேட்கிற கேள்வி. பதில் ஆபெலின் மேசை மேல், பித்தளையில், மினுங்கிக்கொண்டிருந்தது. அவர் படித்ததைச் சொன்னார்:

"நோய் தாய்கிட்டேருந்து விதைக்குப் போகுது. தொட்டாலும் ஒட்டும்."

தாய்ப்பூச்சி என்று சொல்லியிருக்க வேண்டும். தாய் என்று விட்டுவிட்டார்.

அடுப்பைச் சுற்றி நின்ற அத்தனை தலைகளும் நொயெமி பக்கம் திரும்பின.

அவள் சிரித்தாள். "என்ன எல்லாரும் பாக்கறீங்க? நானா வந்து துணியில உக்காந்து விதை போட்டேன்?"

ஏப்ரலாக இருந்தால் சிரித்திருப்பார்கள்.

[இந்த இடத்தில் ஒரு பக்கக் கட்டுரை எழுதியிருந்தேன். வெட்டிவிட்டு இவ்வளவுதான் வைக்கிறேன்: கண்ணுக்குத் தெரியாத உயிரைக் கண்டுபிடித்தவுடன் மூடநம்பிக்கை ஒழிந்தது என்று பள்ளியில் படித்தோம். ஒழியவில்லை. புதுச் சட்டை போட்டுக்கொண்டது. செய்வினை என்று சொன்னால் போதகர் திட்டுவார். தொற்று என்று சொன்னால் வாத்தியாரே தலையாட்டுவார்.]

6

பேச்சு வளர்ந்து அக்டோபர் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் கூட்டம். நொயெமியின் அறையைப் பற்றி.

அன்று காலை ஆபெல் ஆராதனைக்குப் போகவில்லை. ஒரு விஷயம் அவரை உறுத்திக்கொண்டிருந்தது. மஸேல் வீட்டில் துகள்கள் ஏராளம். அடுத்த வீட்டில் அதைவிடக் குறைவு. அதற்கடுத்த வீட்டில் இன்னும் குறைவு. ஸெலியிடம் வரும்போது தேட வேண்டியிருந்தது. ஊர் மரியாதை எந்த வரிசையில் இறங்குமோ அதே வரிசையில் நோயும் இறங்கியிருக்கிறது. யார் வீடு பெரிது என்று நோய்க்கு எப்படித் தெரியும்?

உரல் வகுப்பறையிலேயே கிடந்தது. பூச்சி அரைத்ததை எஸ்தேர் திரும்ப வாங்க மறுத்துவிட்டாள். அவர் அதை எடுத்து, எப்போதும்போலத் துடைத்தார். பூச்சி எதுவும் போடாமல் வெறும் தண்ணீர் ஊற்றிக் குழவியைச் சுற்றினார். ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்து, குனிந்து பார்த்தார்.

வெறும் தண்ணீரில் துகள்கள் மினுங்கின.

எஸ்தேர் உள்ளே வந்தாள், ஆராதனைத் தொப்பியோடு. "என்னங்க, கூட்டத்துக்கு ஆளுங்க வர ஆரம்பிச்சாச்சு. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"உரல்ல இருக்கு."

"என்ன இருக்கு?"

"நோய். மஸேல் வீட்டுது மட்டும்தான் நிஜம். மத்த அஞ்சும் உரல்லேருந்து வந்தது. நல்ல விதையைக் கொளுத்திட்டேன் எஸ்தேர்."

அவள் போய்க் கதவை ஒருக்களித்துவிட்டு வந்தாள். "யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொல்லத்தான் போறேன். அவளை வெளிய தள்ளப்போறாங்க. குளிரு வருது. மேல்மலையில யாரு இருக்கா அவளுக்கு? எங்க போவா?"

"நாம எங்க போவோம்? இந்த வேலையும் தலைவர் பார்த்து வச்சதுதான். எந்த வாயால அவர் வீட்டுல மட்டும் நோயின்னு சொல்வீங்க?"

எஸ்தேர் உரலை எடுத்து ஜன்னல் திரைக்குப் பின்னால் வைத்தாள். அவளைக் கெட்டவளாக எழுத இரண்டு முறை முயன்றேன். முடியவில்லை. அவள் கேட்டதை அவள் இடத்தில் இருந்தால் நானும் கேட்டிருப்பேன்.

7

"சுருக்கமா முடிப்போம், சாப்பாடு ஆறிடும்" என்று தொடங்கினார் மஸேல். "நொயெமி மேல யாருக்கும் கோபம் இல்ல. ஆனா மேல நோயை வச்சுக்கிட்டு கீழ எப்படிப் புழு வளக்கறது? அவளே யோசிக்கட்டும்."

"அவகிட்ட என் பையைக் குடுத்தப்பவே ஒரு வாடை வந்துச்சு" என்றாள் ஸெலி. யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"அது உன் பையோட வாடைடி" என்றாள் நொயெமி. "துவைச்சிருந்தா வந்திருக்காது."

யாரோ இருமுவதுபோலச் சிரிப்பை விழுங்கினார்.

"மலைக்காரிக்கு வாய் மட்டும் குறையல" என்றார் மஸேல்.

"ஏப்ரல்ல இதே வாய்தான் தலைவரே. உங்க விதை நசுங்கக் கூடாதுன்னு புரண்டு படுக்காம கிடந்தேன். என் உடம்புல நோய் இருந்தா எனக்கு ஏன் ஒண்ணும் ஆகல?"

"சுமக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. தோல்ல தெரியாம உள்ள உக்காந்திருக்கும். வாத்தியாரோட புஸ்தகத்துல இருக்கு. இல்லியா வாத்தியாரே?"

எல்லாரும் ஆபெலைப் பார்த்தார்கள். இங்கே பேனாவை வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். குப்பிகளை வேகவைத்துக்கொண்டே மூன்று முடிவுகள் யோசித்தேன்.

முதல் முடிவு. ஆபெல் தலையாட்டுகிறார். அவ்வளவுதான். இப்படித்தான் நடந்திருக்கும் என்பதற்கு ரொட்டிக்கடை வரிசை சாட்சி.

இரண்டாவது முடிவு. நான் அவரைப் பேசவைத்தேன். திரையை விலக்கி உரலை எடுத்து மேசையில் வைத்தார். "இதை நான் கழுவல. துடைச்சேன். நோய் இதுல இருந்தது, உங்க பூச்சியில இல்ல."

"அப்போ என் விதை நல்ல விதையா?" என்றாள் ஸெலி.

"ஆமா."

"நல்ல விதையையா கொளுத்தச் சொன்னீரு?"

"ஆமா."

நல்ல அமைதி ஒன்றை இங்கே எழுதினேன். அப்புறம் மஸேல் எழுந்தார். "வாத்தியார் ரொம்ப நல்லவரு. அவளைக் காப்பாத்தத் தன் தலையில அள்ளிப் போட்டுக்கறாரு. சரி, உரல்லேருந்தே வந்ததுன்னு வச்சுக்குவோம். உரலுக்கு எங்கேருந்து வந்துச்சு? என் பூச்சிலேருந்து. என் பூச்சிக்கு?" கையை நொயெமி பக்கம் நீட்டினார்.

ஸெலி தலையாட்டினாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவர்களை முட்டாள்கள் என்று நினைக்காதீர்கள், அவர்கள் புரிந்துகொண்டார்கள். உண்மையை நம்பினால் ஐந்து வீடும் தங்கள் கையாலேயே நல்ல விதையை நெருப்பில் போட்டவர்கள் ஆவார்கள், தலைவர் வீடு நோய்வீடு ஆகும், ஒரே ஒரு நுண்ணோக்கியும் பொய்யாகும். பொய்யை நம்பினால் ஒருத்தி மட்டும் அறையைக் காலிசெய்ய வேண்டும். அவளைக் காப்பாற்றத்தான் இந்த முடிவை எழுதினேன். நான் எழுதிய ஊர் என் பேச்சையே கேட்கவில்லை.

மூன்றாவது முடிவு. நொயெமி கீழே நிம் நகரத்துக்குப் போகிறாள், ஒரு நல்ல குடும்பத்தில் வேலை கிடைக்கிறது, வசந்தத்தில் அவள் ஜன்னலுக்கு வெளியே ஒரு முசுக்கட்டை

[இல்லை. இது எனக்காக எழுதியது. அவளுக்காக இல்லை.]

8

ஆகவே முடிவு சொல்ல மறுக்கிறேன். ஆபெலின் வாய் திறந்திருக்கிறது. அதிலிருந்து என்ன வரும் என்று நான் எழுதப்போவதில்லை. திறந்த வாயோடு அவரை மேசைக்குப் பின்னால் விட்டுவிடுகிறேன், அந்தத் தண்டனை அவருக்குப் போதும்.

நொயெமி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண் ஜன்னல் திரைக்குப் போய்த் திரும்பியதைக் கவனித்தாள். எஸ்தேர் திரைக்கு முன்னால் நகர்ந்து நின்றதையும் கவனித்தாள். என்ன என்று தெரியவில்லை, ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது.

"வாத்தியாரே, ஏதாவது சொல்லணுமா?"

காத்திருந்தாள். அடைகாக்கத் தெரிந்தவளுக்குக் காத்திருக்கவும் தெரியும்.

பிறகு சால்வையை எடுத்தாள். முதல் தடவையாக அதைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"சரி. ஏப்ரல்லயும் குளிரும். அப்ப ஆள் அனுப்பாதீங்க."

பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வருகிறாள். ஒவ்வொரு பெஞ்சிலும் முழங்கால்கள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ஸெலி தன் பாவாடை ஓரத்தைக் கையால் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறாள். கடைசி பெஞ்சில் உங்களைக் கடக்கிறாள். அவள் உடம்பின் சூடு ஒரு கணம் உங்கள் மேல் படுகிறது. நீங்களும் கொஞ்சம் நகர்ந்துதான் உட்கார்கிறீர்கள். நான் பார்த்தேன்.

அவள் வாசலைத் தாண்டிப் படியில் இறங்குகிறாள்.

"கதவோரம் இருக்கறவரே" என்கிறார் மஸேல், "குளிர்காத்து வருது. சாத்திப் பூட்டிடுங்க. சாவி அதுலயே இருக்கு."

உரலைப் பற்றி இந்த அறையில் மூன்று பேருக்குத் தெரியும். ஒருவர் வாயைத் திறந்தபடி இருக்கிறார். ஒருத்தி திரையை மறைத்து நிற்கிறாள். மூன்றாவது நீங்கள்.

அடுத்த வரியை உங்களுக்காக விட்டு வைத்திருந்தேன். அதற்குள் கதவு சாத்தப்பட்டு, சாவி திரும்புகிற சத்தம் கேட்டுவிட்டது.